கோழிகளுக்குக் காணும் வெள்ளைக்கழிச்சல் வியாதியும் அதைத் தடுக்கும் வழியும்

தாமிரபரணிப் பாசனத்திலுள்ள கிராமங்களில், நிலமுள்ள குடியானவர் வீட்டிலும் நிலமற்ற கூலியாள் வீட்டிலும் ஒருங்கே காணப்படும் சொத்து யாதெனில், அது கோழியேயாகும். பசு இல்லாத வீடு உண்டு. ஆடு இல்லாத வீடும் உண்டு. முற்றத்தில் கவிழ்த்த ஒரு பஞ்சாரமும், அதன் பக்கத்தில் குஞ்சுகளோடு கிளறித்திரியும் ஒரு தாய்க்கோழியும் இல்லாத வீடு மிகக் குறைவு. இக்கோழிகளை வளர்ப்பதில் ஆண்மக்களுக்குப் பெரும்பாலும் பங்கில்லை. அடைவைப்பதும், குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் தப்புவிப்பதும், மாலையில் எண்ணி அடைப்பதும் வீட்டுப் பெண்களின் வேலை. முட்டை விற்ற காசும் அவர்களுடைய கைக்காசு. பிள்ளைகளுக்கு நோட்டுப்புஸ்தகம் வாங்குவதற்கும், எதிர்பாராமல் வந்த விருந்தினரை உபசரிப்பதற்கும், சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்துகொண்ட சேவலைச் செலுத்துவதற்கும் அதுவே கைகொடுக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பேரேடுகளில் இச்சொத்து எங்கும் பதிவாவதில்லை. ஆயினும் அது ஒரே வாரத்தில் அழிந்துபோகுமானால், அந்த வீட்டார் சங்கத்துக்குச் செலுத்தவேண்டிய தவணையும் தடுமாறும் என்பதைச் சங்க நிர்வாகிகள் அறிவார்கள்.

அவ்வாறு ஒரே வாரத்தில் அழிக்கவல்ல வியாதியே வெள்ளைக்கழிச்சல். இதற்கு மருந்து கிடையாது. ஆனால் தடுப்பு உண்டு. அத்தடுப்பைத் தனியொரு வீட்டார் செய்துகொள்ளுதல் கடினம் என்பதும், பல வீட்டார் கூடிச் செய்வது மிக எளிது என்பதும் இவ்வியாதியின் தன்மையை ஆராய்ந்தால் விளங்கும்.

பெயரும் வரலாறும்

இவ்வியாதி உலகத்தில் தெளிவாக இனங்காணப்பட்டு ஒரு நூற்றாண்டே ஆகிறது. 1926-ஆம் வருஷத்தில் ஜாவாத் தீவிலும், அதே காலத்தில் இங்கிலாந்திலுள்ள நியூகாசில் என்னும் துறைமுகப்பட்டணத்தை அடுத்த பண்ணைகளிலும் கோழிகள் திரள்திரளாக மாண்டன. அதனால் மேல்நாட்டார் இதனை நியூகாசில் வியாதி என்றழைக்கின்றனர். இந்தியாவில் இமயமலையின் குமாவூன் பகுதியிலுள்ள ராணிக்கேத் என்ற ஊரில் 1927-இல் கண்ட கொள்ளைநோயை, முக்தேசுவரம் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் என்பவர் ஆராய்ந்து எழுதினார். அதுமுதல் இந்நாட்டு வைத்தியர்கள் இதை ராணிக்கேத் வியாதி என்று சொல்லிவருகின்றனர். இதற்குத் தடுப்புமருந்து தயாரிக்கும் இடம் ராணிப்பேட்டையாதலால், பெயர் அதனின்று வந்ததென எண்ணுதல் தவறு. இரு பெயர்களின் ஒற்றுமை தற்செயலானது. தமிழ்நாட்டு ஜனங்கள் ஊர்ப்பெயர்களைப் பொருட்படுத்தாமல், கண்ணாற் கண்ட குறியைக் கொண்டு வெள்ளைக்கழிச்சல் என்றே பெயரிட்டிருப்பது பொருத்தமே.

நோய்க்குக் காரணம், சாதாரண பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத வைரஸ் என்னும் நுண்கிருமி. இது உயிருள்ள உடலுக்குள் மாத்திரமே பெருகும். பாக்டீரியா என்னும் வேறுவகைக் கிருமிகளை அழிக்கும் மாத்திரைகளும் ஊசிகளும் இதனை ஒன்றும் செய்யா. கடையில் வாங்கிய மாத்திரையைப் பொடித்து ஊட்டுவதிற் செலவாகும் பணம் வீண் என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். மஞ்சள், மிளகு, சீரகம், சின்னவெங்காயம், கீழாநெல்லி முதலியவற்றை அரைத்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. அதனால் கெடுதியில்லை, ஆனால் அதனை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிவைத்தல் கூடாது.

குறிகள்

வைரஸ் உடலிற் புகுந்து பெரும்பாலும் ஐந்தாறு நாட்களில் வியாதி வெளிப்படும். சிலசமயம் இரண்டே நாட்களிலும், சிலசமயம் இரண்டு வாரம் கழித்தும் வெளிப்படுவதுண்டு. முந்தின நாள் மாலை நன்றாக இரைபொறுக்கிய கோழி, மறுநாட்காலை பஞ்சாரத்தைத் தூக்கியபோது வெளிவராமல் மூலையில் ஒடுங்கிநிற்கும். இறகு சிலிர்த்து, கண் மூடி, கழுத்தை உள்ளிழுத்துத் தூங்குவதுபோலத் தோன்றும். கொண்டை கறுக்கும். வாயைத் திறந்து மூச்சுவாங்கும். தொண்டையில் கரகரவென்ற ஓசை கேட்கும். அலகிலிருந்து கோழை வடியும். எச்சம் வெண்மையும் பச்சையும் கலந்து நீராகப் போகும். முட்டையிடும் கோழி முட்டையை நிறுத்திவிடும், அல்லது ஓடில்லாத தோல்முட்டை இடும். இந்நிலையில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாட்களில் மடியும். தப்பிப் பிழைத்த சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்வதும், கால் அல்லது சிறகு விளங்காமற்போவதும், இரையைக் கொத்தக் குனிந்தால் குறிதவறுவதும் உண்டாம். தடுப்பூசி போடாத கோழிக்கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் சாகக்கூடும்.

மனிதருக்கு இவ்வியாதியால் பெருந்தீங்கு இல்லை. நோயுற்ற கோழியையோ தடுப்புமருந்தையோ கையாண்டபின் கண்ணைத் தேய்த்தால், சில நாட்கள் கண் சிவந்து நீர்வடிதல் உண்டு. அது தானே நீங்கிவிடும்.

எவ்வாறு பரவுகிறது

நோயுற்ற கோழியின் எச்சத்திலும், மூக்கு வாய்களிலிருந்து வடியும் நீரிலும் கிருமி நிறைந்திருக்கும். அவை விழுந்த தண்ணீரைக் குடித்தும், தரையைக் கொத்தியும், அருகில் நின்று மூச்சை வாங்கியும் மற்றக் கோழிகள் நோயுறுகின்றன. இவ்வளவும் ஒரு முற்றத்துக்குள் நடப்பது. ஒரு தெருவிலிருந்து மற்றொரு தெருவுக்கும், ஓரூரிலிருந்து மற்றோரூருக்கும் இதனைக் கொண்டுபோவது பெரும்பாலும் மனிதரேயாவர். இதனை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

ஒரு வீட்டில் நான்கு கோழிகளுள் ஒன்று சோர்ந்துநிற்கிறதென்று கொள்க. அவ்வீட்டுப் பெண் தன் முன்னனுபவத்தால், மற்றவையும் இரண்டு நாளில் சாகும் என்பதை அறிகிறாள். சாவதற்குமுன் விற்றால் கிடைப்பது லாபம் என்று, நன்றாயிருப்பவற்றை வந்த விலைக்குக் கோழிவியாபாரியிடம் தள்ளிவிடுகிறாள். அவளைக் குறைசொல்ல எவருக்கும் வாயில்லை. அவளிடம் வேறு வழி இருந்ததில்லை. வியாபாரி அவற்றைத் தன் கூடையில் மற்ற ஊர்க் கோழிகளோடு அடைக்கிறான். செவ்வாய்தோறும் கூடும் மேலப்பாளையம் சந்தை போன்ற இடத்தில் கூடை திறக்கப்படுகிறது. வெளிக்கு ஆரோக்கியமாகத் தோன்றும் அக்கோழிகளைப் பத்து ஊர்க்காரர் வாங்கிச் செல்கின்றனர். அவர்களில் ஒருவர் அதே தெருவுக்கு அடுத்த தெருவாராகவும் இருக்கலாம். விற்ற கோழி இவ்வாறு ஒரு சுற்றுச் சுற்றி அண்டைவீட்டுக்கே வந்துசேருமாயின், விற்றவள் மிச்சம் வைத்திருந்த குஞ்சுகளும் தப்பா.

இரண்டாவது வழி, சோர்ந்த கோழியை அறுத்துக் குழம்பு வைத்தல். நன்கு கொதித்த இறைச்சியில் கிருமி உயிருடன் இராது. ஆயினும் பிடுங்கிய இறகும், குடலும், கழுவிய நீரும் கொல்லையில் கொட்டப்படுகின்றன. அங்கேயே அண்டைவீட்டுக் கோழிகள் கிளறுகின்றன. காகமும் நாயும் இழுத்துச்செல்வது வேறு.

மூன்றாவது வழி தாமிரபரணிப் பாசனத்துக்கே உரியதுபோலச் சொல்லத்தக்கது. இறந்த கோழியைக் கால்வாயில் எறிந்துவிடும் கெட்டபழக்கம் பல ஊர்களில் உண்டு. கோடைமேலழகியான் அணை முதல் ஸ்ரீவைகுண்டம் அணை வரையில் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் ஊருக்கு ஊர், குளத்துக்குக் குளம் தொடர்ந்து செல்கின்றன. ஓர் ஊரார் எறிந்தது அடுத்த ஊர்ப் படித்துறையில் ஒதுங்கும். தலைமடைக்காரர் தண்ணீரை மறித்தால் கடைமடைக்காரர் வழக்காடுவர். செத்த கோழி மிதந்துவந்தால் மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

கார் அறுவடைக்குப் பின்னும் பிசான அறுவடைக்குப் பின்னும் தாளடியில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய்ப்பதற்காக ஆயிரக்கணக்கான வாத்துக்களை ஓட்டிவரும் மேய்ச்சற்காரர்களையும் இங்கே குறிப்பிடவேண்டும். வாத்துக்கள் வயலுக்கு எருவிட்டுப் பூச்சிகளையும் தின்னுகின்றன. ஆகையால் குடியானவர் அவற்றை வரவேற்பது நியாயமே. ஆனால் வாத்தும் தாராவும் வெள்ளைக்கழிச்சற் கிருமியைத் தம் உடலிற் கொண்டிருந்தும் நோயின் குறி எதனையும் காட்டாதிருக்கக்கூடும். அன்றியும், வாத்துக்கொள்ளை என்னும் வேறொரு வைரஸ் வியாதி அவற்றைத் திரளாகக் கொல்வதுண்டு. அது 1923-இல் ஹாலந்து தேசத்திலும், இந்தியாவில் 1963-இல் வங்காளத்திலும் முதலில் அறியப்பட்டது. அதற்கும் தடுப்பூசி இருக்கிறது. ஆகவே மேய்ச்சலுக்கு இடங்கொடுக்குமுன், மந்தைக்குத் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என விசாரிப்பதும், மந்தையை ஊர்க்கோழிகள் மேயும் களத்துமேட்டுக்கு வரவிடாமல் வயலோடு நிறுத்துவதும் போதுமான எச்சரிக்கையாகும்.

காட்டுப்பறவைகள் மீது சுமத்தப்படும் பழி

கோழிகள் சாகத் தொடங்கியதும் குற்றத்தை யார்மீதாவது ஏற்றுவது மனித சுபாவம். குளத்து மரங்களில் வந்து தங்கும் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் இப்பழிக்கு எளிதில் ஆளாகின்றன. திருநெல்வேலிச் சீமைக்கு இது அற்ப விஷயமன்று. நாங்குநேரி தாலுகாவிலுள்ள கூந்தன்குளத்தில், மஞ்சள்மூக்கு நாரையும், கூழைக்கடாவும், அரிவாள்மூக்கனும், கரண்டிவாயனும் குளத்து மரங்களில் மாத்திரமன்றி வீட்டுக் கொல்லைகளிலும் தெருவோரத்திலுமுள்ள மரங்களிலும் கூடுகட்டிக் குஞ்சுபொரிக்கின்றன. மணிமுத்தாற்றுக் கால்வாயால் நீர்பெறும் அக்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊரார் அவற்றைத் தம் ஊருக்கு வந்த அதிர்ஷ்டமாகப் பாவித்துக் காத்துவந்துள்ளனர். பறவைகள் மிரளுமென்று பண்டிகைக்குப் பட்டாசு கொளுத்துவதைத் தவிர்ப்பதும், எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாக இடுவதும் அவ்வூர் வழக்கம். கடனாநதி தாமிரபரணியோடு கலக்குமிடத்தையடுத்த திருப்புடைமருதூரில், நாறும்பூநாத சுவாமி கோயிலைச் சூழ்ந்த மரங்களும் அவ்வாறே. ஊராரின் விருப்பத்தின்பேரில் 2005-இல் அவ்விடம் பறவைகள் காப்பகமாக்கப்பட்டது.

இவ்வூர்களில் ஒன்றில், நாரைகள் வந்திறங்கிய மாதத்திலேயே கோழிச்சீக்கும் வந்துவிட்டால், எவராவது ஒருவர் இரண்டையும் முடிச்சுப்போடுவார். மரத்தை வெட்டவேண்டும் என்ற பேச்சு அங்கிருந்து வெகுதூரமில்லை. ஆகவே உண்மை இன்னதென்று அறிந்திருத்தல் அவசியம்.

காட்டு நீர்ப்பறவைகளில் இவ்வகை வைரஸ்கள் காணப்படுவது மெய்யே. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நோய் உண்டாக்காத சாதுவான வகைகள். கோழிகளைக் கொல்லும் கொடிய வகை தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பது முக்கியமாக வளர்ப்புக் கோழிகளிடத்திலேயே. புறாக்களுக்கு மாத்திரம் சொந்தமான ஒரு வகை உண்டு. அது 1970-ஆம் ஆண்டுகளின் இறுதியில் மத்தியகிழக்கு நாடுகளில் தோன்றி உலகமெங்கும் பரவிற்று. கோயிற் கோபுரங்களிலும் வீட்டுப் பரண்களிலும் வாழ்கின்ற புறாக்கள் கழுத்து முறுக்கி வீழ்ந்து சாவது அதனால் இருக்கலாம். வட அமெரிக்காவில் 1990-ஐ ஒட்டி நீர்க்காகக் குஞ்சுகள் கொடியவகை வைரஸால் மாண்டதும் பதிவாகியுள்ளது. எனவே காட்டுப்பறவைக்கும் இதிற் சம்பந்தமே இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் கூடையிலும் சந்தையிலும் கொல்லையிலும் தினந்தோறும் நடப்பதோடு ஒப்பிட்டால், நாரையின் பங்கு மிகச் சிறிது.

மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். வெளியே எறிந்த கோழியைக் காகமும் பருந்தும் தின்னுகின்றன. வயல்வரப்புகளில் கோழிகளோடு கலந்து மேயும் மயில், கோழி வகுப்பைச் சேர்ந்த பறவையாதலால், இவ்வியாதிக்கு எளிதில் இரையாகும். அஃதாவது, காட்டிலிருந்து வீட்டுக்கு வருவதாக எண்ணப்படும் நோய், வீட்டிலிருந்து காட்டுக்குப் போகக்கூடியதாகவும் இருக்கிறது. கூடுகட்டும் மரங்களின் கீழ் இரைபொறுக்கும் கோழிகளுக்கு ஒழுங்காகத் தடுப்பூசி போடுதல், கோழிகளோடு அந்த நாரைகளுக்கும் செய்யும் பாதுகாப்பாகும்.

பறவைக்காய்ச்சல் வேறு

கோழிகள் திடீரெனச் சாவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதுவே பறவைக்காய்ச்சல். அதுவும் ஒரு வைரஸாலேயே வருவது. ஆனால் முற்றிலும் வேறானது. வெள்ளைக்கழிச்சலைப் போலன்றி அது மனிதரையும் பற்றி உயிருக்கு ஆபத்து விளைக்கக்கூடியது. காட்டுப்பறவைகள் அதனை வெகுதூரம் கொண்டுசெல்வதும் நிச்சயமாகத் தெரிந்துள்ளது. 2005-ஆம் வருஷத்தில் சீனதேசத்துச் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இதனால் மாண்டன. அவற்றுட் பெரும்பாலானவை வரித்தலை வாத்துக்கள். இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்தில் கூந்தன்குளம் வரையில் வந்துபோகும் பறவை இதுவே. இந்தியாவில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாபூரில் கோழிப்பண்ணைகளில் இந்நோய் கண்டது. 2021 ஜனவரியில் இமாசலப்பிரதேசத்துப் போங் அணை ஏரியில் மறுபடியும் வரித்தலை வாத்துக்களே ஆயிரக்கணக்கில் இறந்தன. அதே மாதத்தில் மலைக்கு அப்பால் ஆலப்புழை, கோட்டயம் ஜில்லாக்களில் வாத்து மந்தைகளில் இந்நோய் கண்டபோது, செங்கோட்டையை அடுத்த புளியரைச் சாவடியில் கேரளத்திலிருந்து வந்த வண்டிகள் சோதிக்கப்பட்டன.

ஒரு கிராமவாசி கண்ணாற்பார்த்து இவ்விரண்டு வியாதிகளையும் பிரித்தறிய இயலாது. தேர்ந்த வைத்தியருக்குங்கூட அது கடினம். ஐயத்துக்குரிய மாதிரிகள் போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டு அங்கேயே முடிவு தெரிகிறது. காட்டுப்பறவைகள் இறந்தால் காய்ச்சலென்றே முடிவுகட்டுவதும் தவறு. கர்நாடகத்தில் கொக்கரெ பெள்ளூர் என்ற ஊரில் 2017-18-இல் கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தபோது பறவைக்காய்ச்சலோ என்று அஞ்சினர். பரிசோதனையில் காரணம் உருளைப்புழு என்று தெரிந்தது. ஆகையால் ஒரே சமயத்தில் பல கோழிகளோ, காகங்களோ, நீர்ப்பறவைகளோ இறந்துகிடந்தால் வெறுங்கையால் தொடாமலும், அறுத்துத் தின்னாமலும், பிள்ளைகளை அணுகவிடாமலும் வைத்து, உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். 2009-ஆம் வருஷத்திய கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இவ்விரு வியாதிகளையும் தெரிவிப்பது கடமையுமாகும்.

தடுப்புமருந்தும் அதிலுள்ள சிக்கலும்

முக்தேசுவரத்தில் கிடைத்த வைரஸைக் கோழிமுட்டைக் கருவில் திரும்பத்திரும்ப வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்துத் தடுப்புமருந்தாக்கும் முறை பின்னர் வகுக்கப்பட்டது. இன்றளவும் கிராமக்கோழிகளுக்கு இறக்கையின்கீழ்த் தோலில் குத்தும் ஊசி அதன் வழிவந்ததே. தமிழ்நாட்டில் அதனைத் தயாரிப்பது 1932-இல் ஏற்பட்ட ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு நிலையம். இம்மருந்து சற்று வீரியமுள்ளதாதலால் இளங்குஞ்சுகளுக்கு ஆகாது. எட்டாவது வாரத்துக்குமேல் போடவேண்டும். குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலும் நான்காவது வாரத்திலும் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடும் மெல்லிய மருந்து வேறு உண்டு. ஊசிக்கு ஒருவாரம் முன்பு குடற்பூச்சிக்கு மருந்து கொடுத்தல் நலம்.

ஊசி போட்ட அன்றே காப்பு உண்டாகிவிடுவதில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். நோய் புகுந்துவிட்ட வீட்டில் ஓடிப்போய் ஊசி போடச்செய்து, மறுநாள் கோழி செத்ததும் ஊசியே கொன்றதென்று தூற்றுவது வழக்கமாக இருக்கிறது. அக்கோழி ஊசிக்கு முன்பே கிருமியை வாங்கிவிட்டது என்பதே உண்மை.

சிக்கல் யாதெனில், இம்மருந்து உறைந்த பொடியாக, நூறு கோழிகளுக்குப் போதுமான அளவில் ஒரு குப்பியாக வருகிறது. அதனைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவரவேண்டும். உப்புநீரில் கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணிநேரத்துக்குள் செலவாக்கிவிடவேண்டும். மிச்சத்தை நாளைக்கென்று வைத்தால், ஊசி இருக்கும், காப்பு இராது. ஐந்து கோழி வைத்திருப்பவர் ஒரு குப்பியை உடைத்தால், தொண்ணூற்றைந்து பங்கு மண்ணுக்குப் போகிறது. அவர் ஒருவர் பொருட்டு வைத்தியர் பனிப்பெட்டியோடு பத்து மைல் வரமாட்டார். ஆனால் அதே தெருவில் இருபது வீட்டார், ஆளுக்கு ஐந்து கோழியோடு ஒரே காலையில் கூடினால், ஒரு குப்பி சரியாகத் தீர்ந்துவிடும். கூட்டுறவு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் விதைநெல்லிலும் உரத்திலுங்கூடக் கிடைப்பது அரிது.

தெருவில் பாதிப்பேர் போட்டுப் பாதிப்பேர் போடாதிருந்தால் என்னவாகும் என்று கேட்கலாம். போடாத கோழிகளிடையே நோய் தொடர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும்; அவற்றின் நடுவே பிறக்கும் புதுக்குஞ்சுகள் அனைத்தும் ஆபத்தில் இருக்கும். தனக்குக் கோழி இரண்டுதானே என்று ஒதுங்கிநிற்பவர், கால்வாய் மராமத்துக்கு ஆள் அனுப்பாதவரை ஒத்தவர்.

காலம்

கால்நடை பராமரிப்புத்துறையார் பிப்ரவரி மாதத்தில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்திவருகின்றனர். இது தைமாதப் பிற்பகுதி. தாமிரபரணிப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான காலம் அமையாது. இதன்பின் மாசி பங்குனியில் பிசான அறுவடை முடிந்து வாத்து மந்தைகள் வரும், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களுக்கும், அதையடுத்துக் கொடைகளுக்கும் சேவல்கள் ஊர்விட்டு ஊர் தூக்கிச்செல்லப்படும், வெயிலும் ஏறும். அவற்றுக்கெல்லாம் இரண்டு வாரம் முன்பே ஊசி விழுந்துவிடுகிறது.

ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் முகாமை மாத்திரம் நம்பியிருத்தல் போதாது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு அடைகாக்கும். தையில் ஊசி போட்ட பெரிய கோழிகள் பல ஆடிக்குள் விற்றுப்போகும். அவற்றினிடத்தில் சித்திரையிலும் ஆனியிலும் பொரித்த குஞ்சுகள் வளர்ந்திருக்கும். அவை ஒன்றும் ஊசியைக் கண்டவையல்ல. ஐப்பசி மழைக்குள் தெருவிலுள்ள கோழிகளில் பெரும்பகுதி காப்பற்றவையாகிவிடுகின்றன. பலர், போனவருஷம் ஊசி போட்டும் சீக்கு வந்தது என்று சொல்வதன் காரணம் இதுவே. எனவே மூன்று நான்கு மாதத்துக்கொருமுறை, அதாவது தை, வைகாசி, புரட்டாசி என்று மூன்று நாட்களைச் சங்கமே குறித்துவைத்து, ஊசிபோடாத இளங்கோழிகளை மாத்திரமாவது திரட்டி வைத்தியருக்கு முன்னதாக எழுதியனுப்பவேண்டும். பனிக்கட்டியின் தேவையைக் குறைப்பதற்காக, வெப்பத்தைத் தாங்கும் குருணை வடிவமான தடுப்புமருந்தொன்றைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியுள்ளனர். அது இரையைப்போல் கொத்தித்தின்னத் தக்கது. அதனைப் பற்றி விசாரிக்க, அப்பல்கலைக்கழகத்தின் கல்லூரி 2012 முதல் திருநெல்வேலியையடுத்த ராமையன்பட்டியிலேயே இருக்கிறது.

சங்கத்தார் செய்யக்கூடியவை

சங்கத்தின் குமாஸ்தா ஒரு நோட்டில் தெருவாரியாக வீடுகளையும் கோழி எண்ணிக்கையையும் எழுதுவதிலிருந்து இவ்வேலை தொடங்கலாம். எண்ணிக்கை தெரிந்தால் எத்தனை குப்பி என்பது தெரியும். ஊசிபோடும் நேரம் விடியற்காலையாக இருக்கவேண்டும்; பஞ்சாரத்தைத் திறந்துவிட்டபின் நாட்டுக்கோழியைப் பிடிப்பது எவராலும் ஆகாத காரியம். முந்தின நாள் மாலை தண்டோரா போடுவித்து, மறுநாட்காலை அடைத்தபடியே வைத்திருக்கச் சொன்னால் இரண்டு மணிநேரத்தில் ஒரு குப்பி தீரும். இவ்விஷயத்தில் ஆண்களைக்காட்டிலும் மகளிர் குழுக்களிடம் பொறுப்பைவிடுவது அதிகப் பயன்தரும். கோழி யாருடையதோ அவரே அதன் கணக்கை அறிவார்.

சீக்குக் கண்ட வீட்டார் கோழியைச் சந்தைக்கு விற்காதிருக்கவேண்டுமானால், வெறும் புத்திமதி போதாது. விற்காததனால் அவருக்கு நேரும் நஷ்டத்தை ஊர் பங்கிட்டுக்கொள்ள முன்வரவேண்டும். சங்கத்தின் பொதுநிதியிலிருந்து, அல்லது வீட்டுக்குச் சிறுதொகை சேர்த்துவைத்த தனிநிதியிலிருந்து, நோய்கண்ட அன்றே தெரிவித்த வீட்டாருக்கு இரண்டு விடைக்கோழிகள் வாங்கிக் கொடுப்பதாகத் தீர்மானம் செய்தால், மறைப்பதற்குக் காரணம் போய்விடும். இதற்காகும் செலவு, தெருமுழுதும் கோழி மாண்டால் ஆகும் நஷ்டத்தில் ஒரு சிறுபகுதியே.

சந்தையில் வாங்கிய கோழியை, அது எவ்வளவு அழகாயிருப்பினும், இரண்டு வாரம் தனிப் பஞ்சாரத்தில் வைத்துத் தனிச்சிரட்டையில் தண்ணீர் காட்டவேண்டும். சீக்குக் கண்ட வீட்டிலிருந்து வருபவர் கால்கழுவி வருவது நலம். செத்த கோழியைக் கால்வாயிலோ குப்பையிலோ எறியாமல், குளத்துக்கும் கிணற்றுக்கும் எட்டிய இடத்தில் மூன்று அடிக்குக் குறையாத குழியில் இட்டு, மேலே சுண்ணாம்பு தூவி மூடவேண்டும். பஞ்சாரத்தைச் சுண்ணாம்புநீர் தெளித்துச் சில நாட்கள் நல்ல வெயிலில் காயவைக்கவேண்டும். எச்சத்தோடு கூடிய மண்ணைச் செதுக்கி எடுத்து அதே குழியிற் போடலாம். ஒரு மூட்டை சுண்ணாம்பும் ஒரு மண்வெட்டியும் சங்கத்துக் கிடங்கில் இதற்கென்றே வைத்திருந்தால், கேட்கும் வீட்டாருக்கு அன்றே கொடுக்கலாம்.